முழங்கால் உயரத்தில் ஒரு பூட்டு

பழிவாங்குவது என்றதும் கத்தியையும் கட்டையையும் நினைத்துக்கொள்ளாதீர்கள், கண்ணுகளா. நான் சொல்லப்போகும் பழி தேக்குச் சட்டங்களாலும் சில கீல்களாலும் ஒரு காந்தப் பூட்டாலும் செய்தது. பார்த்தவர்கள் எல்லோரும் அழகு, அழகு என்றார்கள். அழகுதான், இல்லையென்று யார் சொன்னது?

அதைச் செய்தவளை வேலையிடத்தில் மூடியக்கா என்பார்கள். வீட்டு அலங்காரம் படித்தவள். ஆனால் சோபாவும் திரைச்சீலையும் அவளுக்கு அலுத்துப்போயிற்று. எந்த வீட்டிலும் கண்ணை உறுத்துகிற சாமான் ஒன்று இருக்குமே, அதை மறைத்துத் தருவதுதான் அவளுடைய தனிக் கைவேலை. மீட்டர் பெட்டி, தண்ணீர்க் குழாய், ஏசியின் வெளிப்பெட்டி, இப்போது புதிதாக மின்சாரக் காருக்கான சார்ஜர். சுவரில் அறைந்த கறுப்புப் பெட்டியும் அதிலிருந்து தொங்கும் தடித்த கேபிளும் அவள் கைபட்டால் காணாமல் போய்விடும். எல்லாவற்றுக்கும் மூடி போடுகிறாள் என்று தச்சர்தான் முதலில் அப்படிக் கூப்பிட்டார். அது அப்படியே ஒட்டிக்கொண்டது.

அவள் தன் முகத்துக்கும் மூடி போட்டுத்தான் நடமாடுவாள். இடது கன்னத்தில் தொடங்கிக் காதை வளைத்துக் கழுத்துவரை இறங்கும் சுட்ட புண் தழும்பு. அதன் மேல் எப்போதும் ஒரு துப்பட்டா. வெயிலானாலும் சரி, மரத்தூள் பறந்தாலும் சரி, அது இறங்காது.

அந்தத் தழும்பின் கதையையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். அவள் நடை பழகி முடித்த வயது. தரையில் உட்கார்ந்து கரண்டியால் தட்டைத் தட்டிக்கொண்டிருந்தாள். அக்காவுக்கு ஒன்பது வயது. அடுப்பைத் தொடாதே என்று சொல்லிவிட்டு அம்மா கொடியில் துணி எடுக்கப் போயிருந்தாள். அக்காவுக்குத் தானும் பெரிய மனுஷி என்று காட்ட ஆசை. கொதிக்கும் தண்ணீர்ப் பாத்திரத்தைத் தூக்கினாள். கைப்பிடி சுட்டது. விட்டுவிட்டாள்.

அப்பா வந்து பெரியவளின் தோலை உரித்துவிடுவாரே என்ற பயத்தில் அம்மா ஒரு வாக்கியம் உண்டாக்கினாள். "சின்னதுதான் எட்டி இழுத்துக் கொட்டிக்கிச்சு." அன்றைக்கு அந்த வாக்கியம் ஒரு குழந்தையைக் காப்பாற்றியது, குற்றம் சொல்ல மாட்டேன். ஆனால் பெரியவள் வளர வளர அந்த வாக்கியமும் கூடவே வளர்ந்தது. அவளே அதை நம்பத் தொடங்கிவிட்டாள். சின்னவளுக்கோ அந்தக் கரண்டி ஞாபகம் இருந்தது, பாத்திரத்தைப் பிடித்திருந்த இரண்டு கைகளும் ஞாபகம் இருந்தன.

இது பழைய கணக்கு. இதைக்கூட அவள் மன்னித்திருப்பாள். குழந்தை செய்த காரியம்தானே. மன்னிக்காதது அடுத்தது.

அக்காவுக்கு வரன் பேசினார்கள். மாப்பிள்ளை வீட்டார் வரும் அன்று அக்கா தங்கையைத் துணி அடுக்கும் பின்னறைக்கு இழுத்துப்போனாள். "சமர்த்தா உள்ளேயே இரு. அவங்க போனதும் கூப்பிடுறேன்" என்று கதவைச் சாத்தினாள். சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ, "இன்னொரு பொண்ணு இருக்குன்னாங்களே?" என்று கேட்டது உள்ளே கேட்டது. "அவ இங்க இல்லீங்க, வெளியூர்ல படிக்கிறா" என்றாள் அக்கா. குரலில் ஒரு தடுமாற்றம் இல்லை. வந்தவர்கள் போனார்கள். வீட்டார் சந்தோஷத்தில் அவர்களோடு கடைத்தெரு வரை நடந்து வழியனுப்பப் போனார்கள். கூப்பிடுகிறேன் என்றவள் கூப்பிடவில்லை. உள்ளே இருந்தவள் பசியோடு துணி மூட்டையில் தலைவைத்துத் தூங்கிப்போனாள்.

கல்யாண ஆல்பத்தில் பெரியப்பாவின் தோளுக்குப் பின்னால் ஒரு நெற்றி மட்டும் தெரியும். அது அவள்தான்.

வருஷங்கள் ஓடின. அக்கா புது வீடு கட்டிக் குடியேறினாள். அவள் கணவர், நம் மூடியக்காவுக்கு அத்தான், வாயைத் திறந்தால் அது கொட்டாவிக்காகத்தான் இருக்கும். அப்பேர்ப்பட்ட மனிதருக்கும் ஒருநாள் ஆசை வந்து மின்சாரக் கார் வாங்கிவிட்டார். கம்பெனி ஆட்கள் வந்து, சொல்லாமல் கொள்ளாமல், போர்ட்டிகோவின் நடுச்சுவரில் கறுப்புப் பெட்டியை மாட்டிவிட்டுப் போனார்கள். வாசலில் கால் வைத்ததும் முதலில் கண்ணில் படுவது அதுதான். அக்காவுக்குச் சோறு இறங்கவில்லை.

போன் வந்தது.

"ஏய், நான்தான்."

"தெரியுது, சொல்லு."

"நம்ம வாசல்ல ஒரு பெட்டியை மாட்டிட்டுப் போயிட்டானுங்கடி. பார்த்தாலே வயிறு எரியுது. இந்த மாதிரி அசிங்கத்தை எல்லாம் நீதான் அழகா மறைச்சுத் தர்றியாமே. எல்லாரும் சொல்றாங்க."

"ஆமா, நல்லாத்தான் மறைப்பேன். உன்கிட்ட கத்துக்கிட்டதுதானே."

"என்ன?"

"ஒண்ணுமில்ல. எப்போ வரணும்?"

"சீக்கிரம் வா. என் பொண்ணு ஒரு பையனை விரும்புறா. அவனோட அப்பா அம்மா முதல் தடவையா வீட்டுக்கு வர்றாங்க. அவங்களும் இதே மாதிரி கார்தான் வச்சிருக்காங்க. வழியில எங்கயும் சார்ஜ் போட நிக்க வேணாம், நேரா நம்ம வீட்டுக்கே வந்துடுங்க, எங்ககிட்டயே இருக்குன்னு பெருமையாச் சொல்லிட்டேன்."

போனை வைத்தபின் மூடியக்கா வெகுநேரம் கண்ணாடி முன்னால் நின்றாள். துப்பட்டாவை இறக்கிப் பார்த்தாள், திரும்ப ஏற்றினாள். அவள் கேட்டது பெரிதாக ஒன்றுமில்லை. அக்காவின் வாயால், நாலு பேர் நடுவில், "இவ என் தங்கச்சி" என்று ஒரு தடவை வரவேண்டும். கெஞ்சி வாங்கினால் அதற்கு ருசி இல்லை. வேறு வழியே இல்லாமல், தொண்டையில் முள் சிக்கியதுபோல் வரவேண்டும். எப்படி என்று அப்போது அவளுக்குத் தெரியாது. வழியை அக்காவே காட்டிக் கொடுத்தாள்.

"இங்க பாரு," என்றாள் அக்கா, போர்ட்டிகோவில் நின்று சுவரை நோக்கிக் கையை வீசி. "பெட்டி தெரியக் கூடாது. வயர் தெரியக் கூடாது. கதவு வைக்கிறேன்னு ஒரு கைப்பிடியை மாட்டி வச்சிடாதே. துவாரம், குமிழ், கோடு ஒண்ணும் வேணாம். அது அங்க இருக்குன்னு எனக்கே தெரியக் கூடாது."

"உனக்கே தெரியக் கூடாதா?"

"எனக்கேதான்."

"சரிக்கா," என்றாள் தங்கை. இவ்வளவு பணிவாக அவள் எந்த வாடிக்கையாளருக்கும் தலையாட்டியதில்லை.

வேலை தொடங்கியது. சுவர் முழுவதும், தரையிலிருந்து கூரை வரை, விரல் தடிமன் தேக்குச் சட்டங்களை நெட்டுக்குத்தாக நிறுத்தினாள். சட்டத்துக்கும் சட்டத்துக்கும் நடுவே மெல்லிய இடைவெளி. சார்ஜர் வேலை செய்யும்போது சூடாகும், மூச்சுவிட அதற்குக் காற்று வேண்டும். அந்த இடைவெளிகள் அழகுக்கு அழகு, காற்றுக்குக் காற்று. அடியில் நீளமாக ஒரு கல் பெஞ்சு, அதன் வயிற்றுக்குள் மின்சாரக் குழாய். பெஞ்சின் ஓரத்தில் பச்சைச் செடிகள். நடுவிலிருந்த பெட்டியை ஆள் வைத்து, பெஞ்சு முடிந்து சுவர் தொடரும் மூலைக்கு நகர்த்தினாள். அந்த ஒரே ஓர் இடத்தில் சில சட்டங்கள் சேர்ந்து ஒரு கதவு. கீல் உள்ளே. கதவின் விளிம்பு சட்டத்தின் நிழலுக்குள்ளேயே போய் ஒளிந்துகொண்டது. எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று தச்சருக்கே இரண்டாம் தடவை தேட வேண்டியிருந்தது.

உள்ளே இன்னும் அழகு. கதவு திறந்தால் மஞ்சள் வெளிச்சம் தானே எரியும். கேபிள் தரையில் புரளாமல் ஒரு மடங்கும் இரும்புக் கையில் தொங்கும். இழுத்தால் மரக்கிளைபோல் நீளும். காருக்குக் கார் சார்ஜ் வாய் ஒவ்வோர் இடத்தில் இருக்கும், ஒன்றுக்கு முன்னால், ஒன்றுக்குப் பின்பக்கத்து ஓரத்தில். எந்தக் கார் எந்தப் பக்கம் நின்றாலும் எட்டும்படி அந்தக் கையை அளந்து செய்திருந்தாள்.

பூட்டு ஒன்றில்தான் சூட்சுமம். கடையிலிருந்து இரண்டு கையிலும் பையோடு வருகிறவள் கதவை எப்படித் திறப்பாள்? முழங்காலால்தான். ஆகவே காந்தப் பூட்டை முழங்கால் உயரத்தில் வைத்தாள். அங்கே ஓர் இடி, ஒரு 'டக்', கதவு திறந்துகொள்ளும். மேலே மார்பு உயரத்தில் விடிய விடியத் தட்டினாலும் அது அசையாது. வேறு வீடுகளிலும் இப்படித்தான் வைப்பாள். ஆனால் அங்கெல்லாம் கீழே ஒரு சின்னப் பித்தளைப் பொட்டு அடையாளத்துக்கு இருக்கும்.

"அக்கா, பொட்டு?" என்றார் எலக்ட்ரீஷியன்.

"வீட்டம்மா வேணாம்னுட்டாங்க."

"அவங்க எப்படித் திறப்பாங்க?"

"மெயின் சுவிட்ச் மீட்டர் பெட்டிகிட்ட, கண்ணுக்குத் தெரியிற மாதிரி வச்சிட்டோம்ல? ஆபத்துக்கு அது போதும்."

"ஆபத்துக்குப் போதும். சார்ஜ் போடுறதுக்கு?"

மூடியக்கா சிரித்தாள். தச்சர் எலக்ட்ரீஷியனைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். "விடுப்பா. அக்கா சிரிக்கிற சிரிப்பைப் பார்த்தா இது வாடிக்கையாளர் வீடு மாதிரி தெரியல. சொந்தக்காரங்க வீடு."

வேலை நடந்தபோதெல்லாம் அக்கா மகள் பக்கத்திலேயே நின்றாள். தடித்த கண்ணாடி போட்ட பெண், வாய் ஓயாது. "சித்தி, நான் திறக்கவா?" என்று முழங்காலால் இடித்து இடித்துத் திறந்து விளையாடுவாள். அத்தானின் காரைக் கொண்டுவந்து நிறுத்திச் சார்ஜ் போட்டுப் பார்த்த அன்றும் அவள்தான் கேபிளைச் செருகினாள். அத்தான் உள்ளே சாய்வு நாற்காலியில் தூங்கிக்கொண்டிருந்தார். அக்கா திரைச்சீலை வாங்கப் போயிருந்தாள்.

சம்பந்தியாகப்போகிறவர்கள் வரும் நாளும் வந்தது. காலையில் மூடியக்கா சட்டங்களுக்குக் கடைசியாக எண்ணெய் பூசித் துடைத்துக்கொண்டிருந்தாள். அக்கா பட்டுப் புடவையில் வெளியே வந்து சுவரைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே நின்றாள்.

"எங்கடி இருக்கு அது?"

"காட்டட்டுமா?"

இதைக் கேட்டுவிட்டுத் தங்கை எண்ணெய்த் துணியை இறுகப் பிடித்துக்கொண்டாள். அக்கா 'சரி, காட்டு' என்று சொல்லிவிட்டால் இத்தனை நாள் பாடும் வீண். ஆனாலும் கேட்காமல் விட அவளுக்கு மனம் வரவில்லை. கேட்டும் வேண்டாம் என்றால்தானே பழி சுத்தமாக இருக்கும்.

"எனக்கு எதுக்கு? அது கண்ணுல படாம இருந்தாச் சரி," என்றாள் அக்கா. பிறகு தங்கையின் துப்பட்டாவைப் பார்த்தாள், எண்ணெய்க் கையைப் பார்த்தாள். குரலைத் தாழ்த்தினாள். "ஏய், தப்பா எடுத்துக்காதே. நீ அந்தத் துணி துவைக்கிற ரூம்ல இருந்துக்கோயேன். அவங்க புது மனுஷங்க. எதையாவது கேட்டு வைப்பாங்க. சமர்த்தா உள்ளேயே இரு. அவங்க போனதும் கூப்பிடுறேன்."

அதே சொற்கள். ஓர் எழுத்து மாறவில்லை. அக்காவுக்கு அது ஞாபகமே இல்லை, அதுதான் கொடுமை.

அதுவரை மூடியக்காவுக்குள் கொஞ்சம் ஈரம் இருந்தது. கடைசி நிமிடத்தில் மகளிடமாவது, திறந்து காட்டிவிடு என்று சொல்லலாமா என ஒரு யோசனை இருந்தது. அந்த ஈரம் அங்கேயே காய்ந்தது. "சரிக்கா" என்றாள். துடைத்த துணியை மடித்துக்கொண்டு உள்ளே போனாள். துணி துவைக்கும் இயந்திரத்தின் மேல் ஏறி உட்கார்ந்தாள். அங்கிருந்த சின்ன ஜன்னல் வழியாகப் போர்ட்டிகோ முழுவதும் தெரியும், பேச்சும் கேட்கும். வீட்டு வரைபடத்தைப் பார்த்த முதல் நாளே அவள் அதைக் கவனித்திருந்தாள்.

கார் வந்தது. வந்தது என்று எங்கே சொல்வது, ஊர்ந்தது. இறங்கியவர் உயரமான மனிதர், வேர்த்திருந்தார். கூடவே அவருடைய மனைவி, கைப்பையைவிடச் சத்தமான குரல்.

"அப்பாடா! தெருமுனையிலயே நின்னுடும்னு நெனச்சேன். இவர் ஏசியைக்கூட அணைச்சுட்டார். நீங்க வீட்டுலயே இருக்குன்னு சொன்னதால வழியில இருந்த ரெண்டு மூணு இடத்தையும் விட்டுட்டு வந்துட்டோம்."

"உங்க வீடு மாதிரி நெனச்சுக்கோங்க," என்றாள் அக்கா. "பேசிட்டு இருக்கிற நேரத்துல ஏறிடும்."

"சாயங்காலம் கிளம்பியாகணும்," என்றார் அவர். "விடிஞ்சா எனக்கு ஆபீஸ்ல ஆய்வு. இப்பவே போட்டுடுறேன். எங்க இருக்கு?"

அக்கா சுவரைப் பார்த்தாள். பெருமிதமாகத்தான் பார்த்தாள். பிறகு அந்தப் பார்வையில் ஏதோ ஒன்று சறுக்கியது.

"இதுலதான். இங்கதான் எங்கயோ."

"அட! தெரியவே இல்லையே!" என்று வந்த அம்மா கைதட்டினாள். "மாயம் மாதிரி இருக்கு. திறங்க, பாக்கலாம்."

அக்கா ஒரு சட்டத்தை நாசூக்காக, விரல் நுனியால் தொட்டாள். ஒன்றும் நடக்கவில்லை. அடுத்ததை அழுத்தினாள். அதற்கடுத்ததை. சிரித்துக்கொண்டே அழுத்தினாள். நடுச்சுவர் வந்தபோது சிரிப்பு நின்றிருந்தது. "என்னங்க!" என்று கணவரைக் கூப்பிட்டாள்.

அத்தான் வந்தார். சுவரை மேலும் கீழும் பார்த்தார். "இதை எப்போ பண்ணாங்க?" என்றார்.

ஜன்னலுக்குப் பின்னால் மூடியக்கா உதட்டைக் கடித்துக்கொண்டாள். சிரிப்பு வெளியே கேட்டுவிடக் கூடாதே.

இப்போது வந்தவரும் சேர்ந்துகொண்டார். பட்டுப் புடவை ஒருவர், மடிப்புக் கலையாத சட்டை ஒருவர், பனியனோடு ஒருவர், மூன்று பேரும் மார்பு உயரத்தில் சுவரைத் தட்டிக்கொண்டே நடந்தார்கள். வைத்தியர் நோயாளியின் முதுகைத் தட்டுவதுபோல் காதை வைத்துக்கூடப் பார்த்தார்கள். அத்தான் ஒரு சட்டத்தைப் பிடித்து இழுத்தார். அவர் நகம்தான் பெயர்ந்தது, தேக்கு அசையவில்லை.

"சாதாரண பிளக்ல போடலாம்," என்றார் வந்தவர், குரல் மாறி. "ஆனா நாளைக்குக் காலையிலதான் ஏறி முடியும்."

அக்காவுக்கு மகள் ஞாபகம் வந்தது. "நீதானே கூடவே நின்னுட்டு இருந்த? எங்கடி திறக்கணும்?"

பெண் முன்னால் வந்தாள். கண்ணைச் சுருக்கினாள். சுவரைப் பார்த்தாள், செடியைப் பார்த்தாள், எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்.

"கண்ணாடியைக் கழட்டு, அது இல்லாமத்தான் லட்சணமா இருக்கேன்னு நீதானேம்மா காலையில பிடுங்கி வச்சே? எனக்கு இப்போ சுவரே ஒரே பழுப்பா தெரியுது."

வந்த அம்மா, "கண்ணாடி போடுவியாம்மா நீ? என் பையன் சொல்லவே இல்லையே. போட்டுக்கோ, போட்டுக்கோ, நானும் போட்டிருக்கேனே" என்றாள். அக்காவின் முகத்தை இங்கே நான் வருணிக்க வேண்டாம், நீங்களே நினைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்தப் பெண் ஜன்னல் பக்கம் ஒரு பார்வை பார்த்தாளே, அது கண்ணாடி இல்லாதவள் பார்க்கும் பார்வை இல்லை. சுவரில் கதவு எங்கே என்று தூக்கத்திலும் அவள் சொல்வாள். சொல்லவில்லை. அவளுக்கும் அவள் பங்குக்கு ஏதோ இருந்திருக்கிறது.

"யாராவது போய் அந்த டிசைனரைக் கூப்பிடுங்களேன்," என்றாள் அக்கா பொதுவாக. யாரும் நகரவில்லை. கடைசியில் தானே உள்ளே வந்தாள். கதவைச் சாத்திக்கொண்டு மூச்சு வாங்க நின்றாள்.

"எங்க திறக்கணும்? சொல்லித் தொலை."

"சொன்னா புரியாதுக்கா. தொட்டுத்தான் காட்டணும்."

"அப்போ வா."

"நீ கூப்பிட்டா வர்றேன்."

"இதோ கூப்பிட்டுட்டுத்தானே நிக்கிறேன்?"

"இங்க வேணாம். அங்க போய் நின்னு கூப்பிடு."

அக்காவுக்குப் புரிய ஒரு கணம் ஆயிற்று. புரிந்ததும் வாய் சிறுத்தது. "வேணும்னே பண்ணியிருக்கே."

"கைப்பிடி வேணாம்னு சொன்னது யாரு? காட்டட்டுமான்னு கேட்டப்போ எனக்கெதுக்குன்னது யாரு?"

"என் மானத்தை வாங்கணும்னு வந்திருக்கியாடி?"

"உன் மானம் எனக்கு எதுக்குக்கா? நான் உனக்கு யாரோ அதைச் சொல்லு, போதும். அவங்க காது கேட்கச் சொல்லு."

"இல்லேன்னா?"

"இங்கயே சமர்த்தா இருக்கேன். அவங்க போனதும் கூப்பிடு." சற்று நிறுத்தி, "போக முடிஞ்சா," என்றாள்.

அக்கா திரும்பிப் போனாள். ஜன்னல் வழியே தெரிந்தது. போர்ட்டிகோவின் நடுவில் நின்றாள். புடவைத் தலைப்பைச் சரிசெய்தாள். "இதைச் செஞ்சவங்க உள்ளதான் இருக்காங்க. ஏம்மா, வாங்க" என்றாள்.

மூடியக்கா இறங்கவில்லை. காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"உள்ளதான் இருக்காங்கன்னா ஏன் வர மாட்டேங்கிறாங்க?" என்றாள் வந்த அம்மா. "யாரு அவங்க?"

அக்கா சுவரைப் பார்த்தாள், காரைப் பார்த்தாள். வந்தவர் மணிக்கட்டைத் திருப்பி நேரம் பார்த்தார். பிறகு முள் வெளியே வந்தது.

"என் தங்கச்சி."

"என்ன சொன்னீங்க?"

"என் தங்கச்சி!" என்று கத்தியேவிட்டாள் அக்கா. "கூடப் பொறந்தவ. அவதான் செஞ்சா. அடியே, வாடி இங்க!"

இந்த ஒரு கூப்பாட்டுக்காகத் துணி மூட்டையில் தலைவைத்துக் காத்திருந்தவள், கண்ணுகளா, உடனே எழுந்து ஓடவில்லை. முதலில் துப்பட்டாவை அவிழ்த்தாள். நாலாக மடித்தாள். இயந்திரத்தின் மேல் வைத்தாள். பிறகுதான் நடந்தாள்.

வெளி வெளிச்சம் கன்னத்தில் பட்டது. யார் முகத்தையும் பார்க்காமல் நேராக மூலைக்குப் போனாள். இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு முழங்காலால் ஓர் இடி. டக். சுவர் வாய் திறந்தது, உள்ளே மஞ்சள் வெளிச்சம் எரிந்தது, அவள் இழுத்ததும் இரும்புக்கை கிளைபோல் நீண்டது. வந்தவர் தன்னை மறந்து, "அடேயப்பா!" என்றார்.

"முழங்காலாலயா!" என்று அவர் மனைவி விழுந்து விழுந்து சிரித்தாள். "மூணு பேரும் மேல மேல தட்டிட்டு இருந்தீங்களே! இப்படி ஒரு தங்கச்சியை உள்ள வச்சுப் பூட்டியா வைப்பாங்க? உங்களுக்குத் தங்கச்சி இருக்கிறதா ஒரு வார்த்தை சொல்லலையே!" பிறகு, சில பெண்களுக்கு மட்டுமே வருகிற வெகுளித்தனத்தோடு, பக்கத்தில் வந்து கன்னத்தை உற்றுப்பார்த்தாள். "இது என்னம்மா, தீக்காயமா? எப்படி ஆச்சு?"

இதை மூடியக்கா திட்டமிடவில்லை. இவ்வளவு கனிந்து கைக்கு வரும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. கேபிளின் முனை அவள் கையில் இருந்தது. காரின் சார்ஜ் வாயை வந்தவர் திறந்துவைத்துக் காத்திருந்தார். அவள் செருகவில்லை.

"அக்காவுக்குத்தான் நல்லாத் தெரியும்," என்றாள். "சொல்லுக்கா."

அக்காவின் வாய் பழக்கத்தில் திறந்தது. "அது, சின்ன வயசுல இவளே எட்டி..."

தங்கை கேபிளை இரும்புக்கையில் திரும்பத் தொங்கவிட்டாள். மெதுவாக, சத்தம் கேட்கும்படி. கதவின் விளிம்பில் கைவைத்தாள்.

அத்தானுக்குக்கூடக் கொட்டாவி வரவில்லை. அக்கா தங்கையின் கையைப் பார்த்தாள், கையிலிருந்து கழுத்துக்கு, கழுத்திலிருந்து கன்னத்துக்கு. எத்தனையோ வருஷமாக அவள் அந்தக் கன்னத்தை நேராகப் பார்த்ததில்லை.

"நான்தான்," என்றாள். "நான் தூக்கினேன். சுட்டுது, விட்டுட்டேன். இவ கீழ உட்கார்ந்திருந்தா. கையில கரண்டி வச்சிருந்தா."

கரண்டி என்ற சொல்லைக் கேட்டதும் தங்கைக்குத் தூக்கிவாரிப்போட்டது. அப்படியானால் இவளுக்கும் அது ஞாபகம் இருந்திருக்கிறது. இத்தனை நாளும் இருந்திருக்கிறது. மன்னிப்பு சுரக்கும் என்று நீங்கள் நினைக்கலாம். சுரக்கவில்லை. மறந்தவள் என்று விட்டுவைத்திருந்த கொஞ்சநஞ்ச இரக்கமும் அதோடு போயிற்று.

கேபிளை எடுத்துச் செருகினாள். காரின் ஓரத்தில் பச்சை விளக்கு துடிக்கத் தொடங்கியது.

ஏற வேண்டிய நேரம் ஏறித்தானே ஆகவேண்டும். அதுவரை எல்லோரும் கல் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். வந்த அம்மா மூடியக்காவைத் தன் பக்கத்தில் இழுத்து உட்காரவைத்துக்கொண்டு, தன் வீட்டு வாசலிலும் இப்படி ஒன்று செய்து தர வேண்டும், ஆனால் மற்ற வீடுகளுக்கு வைப்பதாக மூடியக்கா சொன்ன அந்தப் பித்தளைப் பொட்டு தனக்குக் கட்டாயம் வேண்டும் என்று பேசிக்கொண்டேயிருந்தாள். கண்ணாடியை மாட்டிக்கொண்டு வந்த மகள் சித்தியின் மறுபக்கம் ஒட்டிக்கொண்டாள். பெஞ்சில் அக்காவுக்கு இடமில்லை. காபித் தட்டோடு நின்றாள். முதல் கோப்பையைத் தங்கைக்கு நீட்டினாள். தங்கை வாங்கிக்கொண்டாள். இனிப்பு தூக்கலாக இருந்தது. வாழ்க்கையில் அவள் குடித்த நல்ல காபி அதுதான்.

கல்யாணம் நிச்சயமானதா என்று கேட்பீர்கள். ஆயிற்று. புகைப்படக்காரர் வந்தபோது வந்த அம்மா, "சித்தி எங்கே, சித்தி முன்னால வரணும்" என்று கையைப் பிடித்து நடுவில் நிறுத்தினாள். பின்வரிசையில் யாருடைய தோளுக்கோ பின்னால் அக்காவின் நெற்றி தெரிகிறது.

மகள் புகுந்த வீட்டுக்குப் போய்விட்டாள். அத்தானுக்குக் கதவு திறக்கத் தெரியும், ஆனால் அவர் தூங்கினால் எழுப்ப முடியாது. சம்பந்தி வந்த அன்றைக்கு அக்கா அந்த இடத்தைக் குறித்து வைத்திருந்தாள்தான். இடிக்கத் தெரிந்துகொண்டாள்தான். அதற்கு அடுத்த வாரமே, கீல் இறுகியிருக்கிறது என்று தச்சரோடு போய், மூடியக்கா கீலை இந்தப் பக்கமும் பூட்டை எதிர்ப்பக்கமுமாக மாற்றி, அத்தானுக்கு மட்டும் காட்டிவிட்டு வந்தாள். ஆகவே இன்றும் சில சாயங்காலங்களில் போன் வரும்.

"அடியே, எங்கடி இடிக்கணும்? முழங்காலெல்லாம் கன்னிப்போச்சு."

"சொன்னா புரியாதுக்கா. வாசல்ல நின்னு கூப்பிடு. வர்றேன்."

இரண்டு தெரு தள்ளித்தான் அவள் வேலைப்பட்டறை. அக்கா முனகிக்கொண்டு வாசலுக்கு வருவாள். எதிர்வீட்டுக்காரர்கள் செடிக்குத் தண்ணீர் ஊற்றும் நேரம். போனைக் காதில் வைத்துக்கொண்டே உரக்கச் சொல்வாள், "தங்கச்சீ! வாடி!"

பட்டறையில் தச்சர் இழைப்புளியை நிறுத்திவிட்டுக் கேட்டார். "போதும்கா. எப்பத்தான் அவங்களுக்குச் சொல்லித் தரப் போறீங்க?"

மூடியக்கா செருப்பை மாட்டிக்கொண்டாள். துப்பட்டா ஆணியிலேயே தொங்கியது.

"அன்னைக்கு அந்த ரூமுக்குள்ள எவ்வளவு பசிச்சுதுன்னு நான் மறந்ததும் சொல்லித் தர்றேன்," என்றாள். "எனக்கு ஞாபக சக்தி கொஞ்சம் அதிகம்."